மொரீசியஸ் காட்டில் குருக்கத்தி: வெட்டலாமா, கூடாதா?

#1 பூந்தாது

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்காக மொரீசியஸ் போயிருந்தேன். கல்யாணம் முடிந்து நான்கு நாள் கையில் இருந்தது. நான் 31 வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். கடற்கரையை விட்டுவிட்டு, மேற்குப் பக்கம் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் ஞாயிறுதோறும் அங்கே களை எடுக்கப் போகும் குழுவில் இருக்கிறான். அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

சரிவில் ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் குருக்கத்தி! எங்கள் வீட்டு வாசல் பந்தலில் அம்மா வளர்த்த அதே கொடி. ஓரம் கிழிந்த வெள்ளை இதழ்கள், அதில் ஒன்றில் மட்டும் மஞ்சள் பூசியதுபோல. மூன்று இறக்கை வைத்த காய் ஒன்று சுழன்றுகொண்டே வந்து என் புடவையில் விழுந்தது. சங்கப் பாட்டில் வரும் பூ, மாதவி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிற பூ. இவ்வளவு தூரத்தில் அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பையன் கத்தியை எடுத்து அடித்தண்டில் வெட்டினான். என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும் தண்டு அது. "இதுதான் பெரியம்மா, இந்தக் காட்டைக் கொல்றது" என்றான். நான் பதில் பேசவில்லை. பிறகு கொடி ஏறிய மரத்தைக் காட்டினான். உச்சி முழுக்கக் கொடியின் இலை. மரத்தின் சொந்த இலை கீழே ஒரு கிளையில் மட்டும்தான் மிச்சம்.

அவன் சொன்னது சரி என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசுதான் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் பேசுங்கள்.

#2 ரோஸ்ஹில்_தமிழன்

டீச்சர், நீங்கள் போன சரிவு எனக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கம் போகிறவன்தான்.

இங்கே குருக்கத்திக்கு மான்கொடி என்று பொருள் வரும் பிரெஞ்சுப் பெயர் இருக்கிறது. அழகுக்காகத் தோட்டத்தில் வைத்ததுதான் காட்டுக்குள் போனது. காயில் இறக்கை இருப்பதால் காற்று எங்கே கொண்டுபோனாலும் முளைக்கும். மேற்குச் சரிவின் வறண்ட காடுகளில் மரத்துக்கு மேல் மரம் தாவி, மேலே போர்வைபோல மூடிவிடும். வெயில் கிடைக்காத மரம் நின்ற இடத்திலேயே சாகும். பக்கத்துத் தீவான ரியூனியனிலும் இதே கதைதான்.

நம் ஊர்க் காட்டில் இது ஒரு கொடி, அவ்வளவுதான். அங்கே அதைத் தின்ன பூச்சி உண்டு, அதோடு போட்டி போட நூறு கொடி உண்டு. இங்கே வரும்போது அது தனியாகத்தான் வந்தது. பூச்சியோ போட்டியோ கூட வரவில்லை.

#3 வேர்க்கால்

வேறு மாதிரி யோசிப்பவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செடி நூறு, இருநூறு வருடமாக ஒரு மண்ணில் முளைத்துப் பூத்து விதை போட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் அதை அந்நியம் என்று எப்படிச் சொல்ல முடியும்? 1834-க்குப் பிறகு கூலி ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாக அந்தத் தீவுக்குப் போனவர்கள் நம் ஆட்கள். அவர்களைப் பார்த்து "நீ வெளியாள்" என்று யாராவது சொன்னால் சும்மா இருப்போமா? செடிக்கு மட்டும் வேறு நியாயமா? பச்சையாக இருக்கிறது, மண்ணைப் பிடிக்கிறது, பூக்கிறது. அதை வெட்டித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை.

#4 விதைப்பெட்டி

வேர்க்கால், கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தீவில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மொரீசியஸ் கடலடி எரிமலை கக்கிய பாறை. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. வயது சுமார் 80 லட்சம் வருடம். மடகாஸ்கரிலிருந்தே 800 கிலோமீட்டருக்கு மேல் கடல். அங்கே ஒரு விதை போய்ச் சேர வேண்டுமென்றால் காற்றில் பறக்கணும், அலையில் மிதக்கணும், இல்லையென்றால் ஒரு பறவையின் வயிற்றிலோ காலிலோ ஒட்டிக்கொண்டு வரணும். லட்சம் வருடத்தில் எப்போதாவது ஒன்று. வந்த ஒன்றும் தனியாக நின்று, தலைமுறை தலைமுறையாக மாறி, உலகில் வேறெங்கும் இல்லாத செடியாகிவிடும். மனிதர் கொண்டுபோகாமல் தானாக வந்து நிலைத்த பூக்கும் தாவரங்கள் அங்கே ஏறக்குறைய 690. அதில் சுமார் 270 மொரீசியஸ் தவிர பூமியில் எங்கும் கிடையாது. கருங்காலிக் குடும்பத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தனி இனங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன.

அந்தச் செடிகளின் பழக்கவழக்கங்களே வேறு. பாலூட்டி என்று பார்த்தால் வௌவால் மட்டும்தான் தானாக வந்து சேர்ந்தது. தழை மேய்ந்தது ராட்சத ஆமை. அதனால் பல மரங்கள் கன்றாக இருக்கும்போது ஒரு இலை, ஆமைக்கு எட்டாத உயரம் போனதும் வேறு இலை என்று விடுகின்றன. டீச்சர், அந்தச் சரிவில் ஒடுங்கி நீண்ட இலையும் நடுவில் சிவப்பு நரம்புமாக ஒரு கன்றைப் பார்த்தீர்களா? ஊர்க்காரர்கள் ஒலிவமரம் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். பெரிய மரமானதும் அதன் இலை அகலமாக, சாதாரணப் பச்சையாக இருக்கும். இரண்டும் ஒரே மரம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: அங்கே பூவுக்குப் பல்லி மகரந்தம் சேர்க்கிறது. பகலில் நடமாடும் பச்சைப் பல்லி. அருவிக்குப் பக்கத்துப் பாறையில் தொங்கும் ஒரு நீலமணிப் பூவின் தேன் ரத்தச் சிவப்பாக இருக்கும். நிறத் தேன் இருக்கும் பூவைத்தான் பல்லி தேடி வருகிறது என்று பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் தேசிய மலராக அறிவித்த த்ரோசெட்டியா காட்டில் வளர்வது லெ மோர்ன் என்ற ஒரே மலையில்தான். அதன் தேனும் சிவப்பு.

இப்போது அந்தத் தீவில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. டச்சுக்காரர்கள் 1638-இல் குடியேறிக் கருங்காலியை வெட்டி ஏற்றினார்கள். அடுத்த வருடமே ஜாவாவிலிருந்து மான் இறக்கினார்கள். பன்றி, எலி, குரங்கு எல்லாம் வந்தன. பிறகு கரும்பு. இவ்வளவுக்கும் தப்பியதைத்தான் இப்போது சீனக் கொய்யாவும் குருக்கத்தியும் மூடுகின்றன.

#5 பூந்தாது

பார்த்தேன்! சிவப்பு நரம்பு இலையைப் பார்த்தேன். அரளியில் ஏதோ ஒரு வகை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். 31 வருடம் பாடம் எடுத்த கண் இது. அந்தக் கன்றின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாமே என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது.

#6 ரோஸ்ஹில்_தமிழன்

> வேர்க்கால் எழுதியது: செடிக்கு மட்டும் வேறு நியாயமா?

ஐயா, இதற்கு நானே பதில் சொல்ல வேண்டும். என் பாட்டனாரின் அப்பா கப்பலில் வந்தவர். "வெளியாள்" என்ற சொல் எங்களுக்கு எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நாங்கள் களை எடுக்கும்போது எங்கிருந்து வந்தாய் என்று எந்தச் செடியையும் கேட்பதில்லை. கரும்பும் வெளியிலிருந்து வந்ததுதான். அது நட்ட வயலில் நிற்கிறது, ஒரு தோகைகூடக் காட்டுக்குள் ஏறுவதில்லை. முருங்கையைப் பாருங்கள். இங்கே எல்லாச் சமூகத்தாரும் முருங்கைக்கீரை சமைக்கிறார்கள், இங்கே பேசும் கிரியோல் மொழியில் "ப்ரெத் மூரூம்" என்பார்கள். நம் முருங்கைதான் மூரூம். கறிவேப்பிலை எங்கள் கொல்லையில் இருக்கிறது. இவற்றை வெட்டச் சொல்லி எவரும் கத்தி எடுத்ததில்லை. பக்கத்தில் ஒன்றையும் முளைக்க விடாமல் செய்கிற செடியைத்தான் எடுக்கிறோம். வெளியிலிருந்து வந்தவற்றில் மிகச் சிலதான் அப்படி.

அந்தச் சிலதில் முதலிடம் சீனக் கொய்யாவுக்கு. பெயரில்தான் சீனம், ஊர் பிரேசில். டீச்சர், நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம். பருவம் வந்தால் குடும்பம் குடும்பமாகப் பையோடு மலைக்குப் போவோம். உப்பும் மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவோம். என் சின்ன வயது ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வாசனைதான். அந்தக் காட்டுக்குள் குனிந்து பார்த்தால், சுண்டுவிரல் கனத்தில் தண்டுகள் கதிர் அறுத்த தாள்போல நெருக்கமாக நிற்கும். உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. கருங்காலிக் கன்று ஒன்றுகூடத் தென்படாது. மேலே பெரிய கருங்காலி நிற்கும், கீழே அதற்குப் பிள்ளை இல்லை. இருக்கிற மரம் விழுந்தால் அவ்வளவுதான்.

நான் ஆசையாகத் தின்று வளர்ந்த பழத்தைத்தான் நானே வேரோடு பிடுங்குகிறேன்.

#7 விதைப்பெட்டி

ரோஸ்ஹில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அங்கே காட்டை நெரிக்கும் இன்னொரு செடி காட்டு ப்ரிவெட். அது இலங்கை மலைக்காட்டுச் செடி. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், மொரீசியஸும் ரியூனியனும் அடங்கிய மஸ்கரீன் தீவுகளுக்குப் போனது இலங்கையிலிருந்துதான் என்று தெரியவந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் குருக்கத்தி, சீனக் கொய்யா, ப்ரிவெட் மூன்றும் உண்டு. மூன்றும் மொரீசியஸில் இருக்கின்றன.

கொய்யா, ப்ரிவெட் பழங்களைத் தின்று விதையைக் காடு முழுக்கப் போடுவதில் ஒரு பெரிய பங்கு செம்மீசைச் சின்னானுக்கு. நம் தோட்டத்துச் சின்னான்தான், 1892-இல் அங்கே போய்ச் சேர்ந்தது.

#8 வேர்க்கால்

ரோஸ்ஹில் தம்பி, கரும்பு, முருங்கை வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன செய்கிறது என்பதுதான் அளவுகோல் என்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டும் அல்லவா? அங்கே ஒரு குட்டித் தீவில் வெளியிலிருந்து ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். மான் வந்து கெட்டது என்கிறோம். ஆமையும் தழை தின்னும்தானே? அது என்ன நியாயம்?

#9 மலைச்சாரல்

அந்தக் குட்டித் தீவுக்கு நான் போயிருக்கிறேன், வேர்க்கால் அண்ணா. இல் ஓ செக்ரெத். மாஹெபூர் பக்கம் கரையிலிருந்து படகில் சில நிமிடம். மொத்தமே 26 ஹெக்டேர், பவளப் பாறைத் தரை. மொரீசியஸைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த கடலோரக் கருங்காலிக் காட்டின் கடைசித் துண்டு அது. 1965-இல் காப்பகம் ஆனது, 1980-கள் முதல் மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

மொரீசியஸுக்கென்றே இரண்டு இனம் ராட்சத ஆமை இருந்தது. கப்பல்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள். ஆமை போனதும் பெரிய பழம் பழுக்கும் மரங்களுக்கு விதை எடுத்துப்போக ஆள் இல்லை. அதனால் 2000-இல் செஷல்ஸின் அல்தாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து அந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தக் கருங்காலிக்குப் பழம் கிளை நுனியில் காய்ப்பதில்லை, பலாபோல அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கிறது. ஆமை அசைந்து அசைந்து வந்து, கழுத்தை நீட்டி, கீழே உதிர்ந்ததை வாயில் போட்டு மென்றது. அது போனபிறகு வழிகாட்டிப் பெண் இரண்டு எட்டு தள்ளிக் காய்ந்த சாணத்தைக் குச்சியால் கிளறினார். உள்ளே பளபளவென்று விதைகள். தாய்மரத்தின் அடியில் விழுந்து கிடப்பதைவிட ஆமை வயிற்றில் போய்வந்த விதை நன்றாக முளைக்கிறது என்று கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டி அழித்த பக்கங்களிலும் கன்றுகள் நிற்கின்றன.

மானும் ஆமையும் ஒன்றில்லை அண்ணா. அந்தச் செடிகள் ஆமையோடு லட்சக்கணக்கான வருடம் வாழ்ந்து பழகியவை. டீச்சர் பார்த்த அந்தச் சிவப்பு நரம்பு இலை ஆமையைச் சமாளிக்கத்தான் வந்தது. மானைச் சமாளிக்க அவற்றுக்குத் தெரியாது. ஆமை ஓடிப்போகவும் செய்யாது. தவறாகத் தெரிந்தால் மறுநாளே தூக்கிவிடலாம்.

#10 கடலோடி

இடையில் ஒரு கேள்வி. டோடோ பறவை அழிந்ததால் அங்கே ஒரு மரம் முளைப்பதே நின்றுவிட்டது, 13 கிழட்டு மரம்தான் மிச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அது இந்தத் தீவுதானே?

#11 விதைப்பெட்டி

இந்தத் தீவுதான். மரத்தின் பெயர் தம்பலகோக். 1977-இல் ஒரு அமெரிக்க ஆய்வாளர் எழுதியது அது. கேட்பதற்கு நன்றாக இருந்ததால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் அங்கேயே வேலை செய்தவர்கள் மறுத்தார்கள். பறவை வயிற்றுக்குள் போகாமலே அந்த விதை முளைப்பதை 1941-லேயே பார்த்திருக்கிறார்கள். டோடோ அழிந்தபிறகு முளைத்த மரங்களும் காட்டில் உண்டு. அந்த மரம் குறைந்ததற்குக் காரணம் நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பதுதான். காயைப் பழுக்குமுன் குரங்கு பறித்துவிடுகிறது, கன்றைக் களை மூடிவிடுகிறது. ஒரு செடிக்கு ஒரு பறவை என்று முடிச்சுப் போட்டுவிட்டால், பறவை போச்சு, இனி என்ன செய்ய என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். களை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நிஜமாகவே தனியாக நிற்கும் மரம் வேறொன்று. க்யூர்பீப் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பனை. உலகத்திலேயே அந்த இனத்தில் அது ஒன்றுதான்.

#12 பூந்தாது

அதைப் பார்த்தேன் தம்பி. சுற்றி இரும்புச் சட்டம் கட்டியிருக்கிறார்கள். ஒல்லியான தண்டு, உச்சியில் கொஞ்சம் மட்டை. பூக்கிறது, ஆனால் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே சமயத்தில் விரிவதில்லையாம். இன்னொரு மரம் இருந்தால் அதன் தாது கிடைக்கும். இன்னொரு மரம் இல்லை. கருவை எடுத்துச் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாயில் வளர்த்தும் பார்த்திருக்கிறார்கள், வெளியே மண்ணில் வைத்தபோது நிற்கவில்லை. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

இப்படி விளிம்புவரை போய்த் திரும்பி வந்தது ஏதாவது உண்டா?

#13 விதைப்பெட்டி

உண்டு டீச்சர். அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கியது.

ரோட்ரிக்ஸ் மொரீசியஸுக்குச் சொந்தமான இன்னொரு தீவு. காப்பிக் குடும்பத்துச் செடி ஒன்று அங்கே இருந்தது, கஃபே மாரோன் என்பார்கள். அழிந்துபோனதாகவே எழுதிவிட்டார்கள். 1980 வாக்கில் ஒரு ஆசிரியர் வகுப்பில் பழைய படத்தைக் காட்டி, இந்தச் செடியைப் பார்த்தால் சொல்லுங்கள் என்றார். ஒரு மாணவன் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிறது என்று கிளை ஒடித்துக்கொண்டு வந்தான். அதேதான்! உலகில் ஒரே ஒரு செடி. செய்தி பரவியதும் மருந்துக்கு என்று ஆளாளுக்கு ஒடிக்க வந்தார்கள், வேலி மேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986-இல் கிளையை வெட்டி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேர் பிடித்துப் பூத்தது, ஆனால் காய்க்கவே இல்லை. 2003-இல்தான் கையால் மகரந்தம் வைத்து வைத்துப் பார்த்த ஒருவருக்கு முதல் விதை கிடைத்தது. அதிலிருந்து வந்த கன்றுகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயிருக்கின்றன.

#14 வேர்க்கால்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கடைசியாக ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. களை எடுத்த இடத்தில் மறுபடி களை வரும். தீவு முழுக்க விதை கிடக்கிறது. எத்தனை பேர், எத்தனை வருடம்? இது முடிகிற வேலையா?

#15 ரோஸ்ஹில்_தமிழன்

முடியாது ஐயா. தீவு முழுக்க முடியாது என்பது எங்களுக்கே தெரியும். பிளாக் ரிவர் தேசியப் பூங்கா 1994-இல் வந்தது, 6,574 ஹெக்டேர். அதற்குள் நல்ல காடாகத் தெரிந்த இடங்களைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து, மானும் பன்றியும் நுழையாமல் வேலி போட்டுக் களை எடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் பழைய மரங்களே முன்பைவிட அதிகம் பூத்துக் காய்த்ததை இங்குள்ள தாவரவியலாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். வடக்கே ரவுண்ட் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே 1979-இல் ஆட்டையும் 1986-இல் முயலையும் முழுக்க எடுத்தார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த பாட்டில் பனைக்கு அதன்பிறகுதான் கீழே கன்று நின்றது.

டீச்சர், உங்களுக்காக நேற்று அந்தச் சரிவுக்குப் போனேன். பையன் வெட்டிய தண்டின் மேற்பகுதி மரத்தில் காய்ந்து தொங்குகிறது. நாங்கள் இழுப்பதில்லை, இழுத்தால் கிளை ஒடியும். அடிக்கட்டைக்கு மருந்து பூசியிருந்தும் பக்கத்தில் ஒரு துளிர் விட்டிருந்தது, எடுத்துவிட்டேன். விதை விழுந்த குருக்கத்தி நாற்று ஏழு, சீனக் கொய்யா எண்ணவில்லை, இரண்டு பை நிறைந்தது. மரம் மேலே இரண்டு கிளையில் புது இலை விட்டிருக்கிறது. நீங்கள் அரளி என்று நினைத்த கன்றுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னும் நான்கு. கணுக்கால் உயரம்கூட இல்லை. நரம்பு நல்ல சிவப்பு. தெரியாமல் மிதித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் கல் வைத்துவிட்டு வந்தேன்.

#16 பூந்தாது

தம்பி, படம் எடுத்திருந்தால் போடுப்பா. ஐந்தையும்.